பந்தயச் சாலையும் பாலஸ்தீனக் கொடியும்

2025 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயின் நாட்டின் மூன்று வார மிதிவண்டிப் பந்தயமான வுவெல்டா, தலைநகர் மாட்ரிடில் நிறைவுற வேண்டிய நாள். அது நிறைவுறவில்லை. அரசுத் தரப்பின் கணக்குப்படியே ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் தெருக்களில் திரண்டிருந்தனர். பாலஸ்தீனக் கொடிகளுடன் வந்தவர்கள் தடுப்புகளைச் சாய்த்துச் சாலையில் இறங்கினர். கடைசி நாள் ஓட்டம் கைவிடப்பட்டது. முதல் மூன்று இடங்களைப் பெற்ற விங்கேகோ, அல்மெய்டா, பிட்காக் ஆகிய மூவரும் வண்டிகள் நிறுத்துமிடம் ஒன்றில் குளிர்பானப் பெட்டிகளை மேடையாக்கி, அவற்றின்மேல் ஏறி நின்று, தமக்குத் தாமே பரிசளிப்பு விழா நடத்திக்கொண்டனர்.

மறுநாள் நம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்துக் குமுறினார். ஆண்டு முழுவதும் காத்திருந்து பார்க்கும் பந்தயத்தைப் பாழாக்கிவிட்டார்களே என்றார். விளையாட்டில் எதற்கு அரசியல் என்றார். இவர் ஐவேளைத் தொழுகையாளி. காஸா மக்களுக்காக ஜும்ஆவில் கையேந்தி அழுதவர். அவருடைய குரலில் அன்று இருந்தது துரோகமன்று. ஓர் இன்பம் பறிபோன ஏமாற்றம். அந்த ஏமாற்றம் நமக்கும் இருந்தது. ஆயினும் அவர் கேட்ட கேள்வி தவறான கேள்வி என்பது நம் கருத்து. தொலைபேசியில் சொன்ன மறுமொழி போதவில்லையாதலின் ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் அந்த இன்பத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லையேல், ரசிக்கத் தெரியாதவன் ரசிப்பவனுக்கு உபதேசம் செய்ய வந்தான் என்றாகிவிடும்.

மே மாதம் இத்தாலியின் ஜிரோ. ஜூலையில் பிரான்சின் டூர். ஆகஸ்டின் இறுதியில் ஸ்பெயினின் வுவெல்டா. ஒவ்வொன்றும் மூன்று வாரம், 21 நாள் ஓட்டம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. அங்கே பிற்பகல் என்றால் இங்கே மாலை. அஸர் தொழுதுவிட்டு அமர்ந்தால், வீரர்கள் மலையடிவாரத்தை நெருங்குவதற்குள் மஃரிபுக்கு எழ வேண்டியிருக்கும். அவர்கள் முடிவுக்கோட்டைக் கடக்கும்போது நமக்கு இரவு 9 மணியாகியிருக்கும், இஷாவும் முடிந்திருக்கும்.

பாதி நேரம் ஒன்றுமே நடப்பதில்லை என்பது உண்மை. அதுவே இதன் அழகு. சூரியகாந்தி வயல்களின் நடுவே நூற்றெழுபது, நூற்றெண்பது பேர் ஒரே ஆறாக ஓடிக்கொண்டிருப்பர்; மேலே பறக்கும் ஹெலிகாப்டர் அந்த ஆற்றை விட்டு விலகிச் சிறிது நேரம் ஒரு பழங்கோட்டையைச் சுற்றிக் காட்டும்; திரும்பி வந்தால் ஆறு அப்படியே ஓடும். பிறகு பக்கக் காற்று ஒன்று வீசும். ஆறு துண்டு துண்டாக உடையும். ஒரு நொடி அயர்ந்தவன் அன்றே பந்தயத்தை இழந்திருப்பான்.

காற்றுத்தான் இந்த விளையாட்டின் சூத்திரம். முன்னால் செல்பவன் காற்றைக் கிழிக்கின்றான். பின்னால் ஒட்டிச் செல்பவன் தன் வலிமையில் பெரும்பகுதியை மிச்சப்படுத்திக்கொள்கின்றான். ஆகவே தனி ஒருவனால் இங்கே வெல்ல இயலாது. டூரில் ஓர் அணிக்கு எட்டுப் பேர். அவர்களுள் ஏழு பேர் ஒருவனுக்காகக் காற்றை வாங்கி, தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்து, அவன் விழுந்தால் காத்திருந்து, இறுதியில் பின்தங்கி, பெயரறியாதவர்களாக வீடு திரும்புவர். 1934ஆம் ஆண்டு டூரில் ரெனே வியெட்டோ என்னும் 20 வயது இளைஞன், தலைவர் அன்டோனன் மாஞ்ஞின் சக்கரம் உடைந்தபோது தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மலைச்சாலையின் கைப்பிடிச் சுவரில் அமர்ந்து அழுத ஒளிப்படம் இன்றும் போற்றப்படுகின்றது. மாஞ்ஞு வென்றார். பார்த்தவர்கள் நினைவில் வைத்தது வியெட்டோவை.

இன்னொன்றும் உண்டு. இந்த விளையாட்டைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. மைதானம் இல்லை, மதில் இல்லை. விவசாயி தன் வயல் வரப்பில் நின்று பார்க்கலாம். மூதாட்டி தன் வாசலில் நாற்காலி போட்டுப் பார்க்கலாம். வீரனின் வியர்வை மேலே தெறிக்கும் தொலைவில் ஏழையும் நிற்கலாம். இதனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

நம் இல்லங்களிலுள்ள பெரியவர்கள் சிலர் இதனை வீண் கேளிக்கை என்பர். அவர்களோடு நமக்கு நெடிய வழக்கில்லை. பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாடியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று, தாமே சலிப்படையும் வரை அதனைப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஹதீது நூல்கள் அறிவிக்கின்றன. மதீனாவில் குதிரைப் பந்தயம் நடந்ததும் பதிவாகியிருக்கின்றது. தொழுகை தவறாமலும் சூது கலவாமலும் இருந்தால் வேடிக்கை பார்ப்பதற்கு இடமுண்டு என்பதற்கு இது போதும். நம் வழக்கு அவர்களோடு அன்று. தொலைபேசியில் குமுறிய நண்பரோடுதான்.

விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்கின்றார் அவர். வேண்டாமாயின், இந்தப் பந்தயமே பிறந்திருக்காது என்பதை அவர் அறிவாரா?

பிரான்சில் 1894ஆம் ஆண்டு, ஆல்ஃபிரட் டிரேஃபுஸ் என்னும் யூத இராணுவ அதிகாரி செய்யாத தேசத்துரோகத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். நாடே இரண்டாகப் பிளந்தது. அன்று செல்வாக்கோடு விளங்கிய ‘லெ வேலோ’ என்னும் விளையாட்டு நாளிதழின் ஆசிரியர் பியேர் ஜிஃபார், டிரேஃபுஸ் குற்றமற்றவர் என்று எழுதினார். அவ்விதழுக்கு விளம்பரம் தந்துவந்த தியோன் பிரபு முதலான மோட்டார் முதலாளிகள் எதிர்ப்பக்கம் நின்றனர். அவர்கள் விளம்பரத்தை நிறுத்தி, 1900ஆம் ஆண்டு போட்டிப் பத்திரிகையொன்றைத் தொடங்கி, ஆன்ரி தெக்ராஞ்ஜ் என்பவரை அதற்கு ஆசிரியராக்கினர். அதுவே பின்னர் ‘லோட்டோ’ எனப் பெயர் பெற்றது. அதன் விற்பனை சரிந்தபோது, அதனைத் தூக்கி நிறுத்தவே 1903 ஜூலையில் முதல் டூர் நடத்தப்பட்டது. 60 பேர் புறப்பட்டு 21 பேர் முடித்தனர். அப்பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. அந்த மஞ்சளே 1919 முதல் முன்னணி வீரனின் சட்டை நிறமாயிற்று. இன்று நம் குழந்தைகள் ஆவலோடு தேடும் அந்த மஞ்சள் சட்டையின் இழையை உருவிப் பார்த்தால், நிரபராதியான ஒரு யூதரைச் சிறையில் வைத்திருக்க விரும்பியோரின் பணம் வெளிவரும். டிரேஃபுஸ் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தது 1906இல்.

கதை அங்கே முடியவில்லை. பாரிஸில் குளிர்காலப் பந்தயங்களுக்கென மிதிவண்டி அரங்கம் ஒன்று இருந்தது. வெலோட்ரோம் திவேர் என்பது அதன் பெயர். 1942 ஜூலை 16, 17 ஆகிய நாட்களில் பிரெஞ்சுக் காவல் துறையினர் ஏறத்தாழ 13,000 யூதர்களைக் கைது செய்தனர். அவர்களுள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். குடும்பங்களை அந்த அரங்கத்தில்தான் அடைத்தனர். அங்கிருந்து முகாம்களுக்கும், முகாம்களிலிருந்து ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கும் அனுப்பினர். பிரெஞ்சு அரசின் பொறுப்பை அதிபர் ஷிராக் வாய்விட்டு ஒப்புக்கொண்டது 1995இல். அரங்கத்தின் மரப்பாதைக்கு அரசியல் தெரியாதுதான். ஆயினும் அதன் கதவைத் திறந்து விட்டவர்களுக்குத் தெரியும்.

இதனை முஸ்லிம் இதழொன்றில் நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அநீதிக்கு இனம் இல்லை. டிரேஃபுஸுக்காக இரங்காத நெஞ்சம் காஸாவுக்காக இரங்கினால், அது நீதியன்று, வெறும் கட்சி. 2023 அக்டோபர் 7ஆம் நாள் இஸ்ரேலில் நிகழ்ந்த குடிமக்கள் கொலையையும் நாம் கொலை என்றே சொல்கின்றோம்.

இனி, நம்மவர் ஒருவரின் கதை. 1950ஆம் ஆண்டு டூரில் ‘வட ஆப்பிரிக்கா’ என்ற பெயரில் ஓர் அணி கலந்துகொண்டது. அல்ஜீரியா அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்தது. பெர்ப்பிஞானிலிருந்து நீம் நகர் செல்லும் நாளில் வெயில் கொளுத்திற்று. அல்ஜீரியாவில் பிறந்த இருவர், மார்செல் மொலினேயும் அப்துல் காதர் ஸாஃபும், மற்றவர்களை நெடுந்தொலைவு பின்னால் விட்டு முந்திச் சென்றனர். மொலினே அன்று வெற்றி பெற்றார். ஸாஃப் வழியில் தடுமாறினார், சாலையின் இருபுறமும் அலைந்தார், விழுந்தார். மரநிழலில் கிடத்தப்பட்டவர், தெளிந்து எழுந்து வண்டியேறி, வந்த வழியே திரும்பி ஓட்டினார் என்பர். சாலையோரத்து மக்கள் அவர்மேல் திராட்சை மதுவை ஊற்றித் தெளிவித்தனர் என்று ஒரு சாரார் சொன்னார்கள். தாகத்தில் தண்ணீரென்று எண்ணி மதுவைக் குடித்துவிட்டார் என்று மற்றொரு சாரார் சொன்னார்கள். ‘குடிபோதையில் விழுந்த முஸ்லிம்’ என்ற கதைதான் பரவிற்று. உலகம் சிரித்தது. அவரும் அதனால் புகழ்பெற்றார். ஊர் ஊராகப் பந்தயங்களுக்கு அழைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு மீண்டும் டூருக்கு வந்து கடைசி ஆளாக முடித்தார்.

இக்கதையை இன்றும் வர்ணனையாளர்கள் நகைச்சுவையாகச் சொல்லக் கேட்கின்றோம். நாமும் சிரித்ததுண்டு. ஆனால் எண்ணிப் பாருங்கள்: அன்று நடந்தது, வெயிலில் ஒரு மனிதன் சாகக் கிடந்தான் என்பது. அதே நாளில் அதே சாலையில் ஓர் ஆப்பிரிக்க அணி வரலாறு படைத்தது என்பது. வென்ற மொலினேயை உலகம் மறந்தது. விழுந்த ஸாஃபைக் கோமாளியாக நினைவில் வைத்தது. எந்தக் கதை நிலைக்க வேண்டும், எதனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் அரசியல்தான். அது நமக்கு எதிராக நடந்தபோது அரசியல் வேண்டாம் என்று எவரும் எழுந்து சொன்னதாக நாம் அறியோம்.

சாலை மறிப்பு ஏதோ 2025இல் முளைத்த அக்கிரமம் என்பது போல் நண்பர் பேசினார். 1982ஆம் ஆண்டு டூரில் தெனான் நகர எஃகு ஆலைத் தொழிலாளர்கள், தங்கள் வேலை பறிபோவதை எதிர்த்துச் சாலையை மறித்தனர். அன்றைய அணிகளின் நேர ஓட்டம் முழுவதும் கைவிடப்பட்டது. 1984இல் பாரிஸ்-நீஸ் பந்தயத்தைத் தொழிலாளர்கள் மறித்தபோது, பெர்னார் இனோ வண்டியிலிருந்து இறங்கிக் கைகலப்பில் ஈடுபட்டார். அந்தப் படம் இன்றும் விற்பனையாகின்றது. இதே இனோ 1978இல் சக வீரர்களோடு சேர்ந்து, ஓய்வின்றி ஓடவைத்ததை எதிர்த்து முடிவுக்கோட்டருகே இறங்கி நடந்து வேலைநிறுத்தம் செய்தவர். பூட்டிய அரங்கில் நடக்கும் விளையாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஊர்ச்சாலையில் இலவசமாக நடத்தி, ஊராரின் கூட்டத்தையே அழகாகப் படம்பிடித்து விற்கும் விளையாட்டு, அந்த ஊரார் கைதட்ட மட்டும் வாய் திறக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

இப்போது முதல் கிப்லாவுக்கு வருவோம்.

2018ஆம் ஆண்டின் ஜிரோ, இத்தாலியப் பந்தயம், மே 4ஆம் நாள் ஜெரூசலத்தில் தொடங்கிற்று. பைத்துல் முகத்தஸ் நகரில் 9.7 கிலோமீட்டர் நேர ஓட்டம். மறுநாள் ஹைஃபாவிலிருந்து டெல் அவீவ். அதற்கு மறுநாள் பீர்ஷெபாவிலிருந்து பாலைவனம் கடந்து எய்லாட். முந்திய ஆண்டு நவம்பரில் அமைப்பாளர்கள் வெளியிட்ட அறிவிப்பில் ‘மேற்கு ஜெரூசலம்’ என்றிருந்தது. இஸ்ரேல் அமைச்சர்கள் சினந்தனர்; பணத்தை நிறுத்துவோம் என்றனர். ‘மேற்கு’ என்ற சொல் நீக்கப்பட்டது. ஒரு நகரின் கிழக்குப் பாதி எவருக்கு உரியது என்ற, உலகமே தீர்க்காத வழக்கில், ஒரு மிதிவண்டிப் பந்தயம் ஒரே சொல்லை அழித்துத் தீர்ப்பு வழங்கிவிட்டது. அரசியல் வேண்டாம் என்ற நண்பர் அன்று எங்கிருந்தார்?

அதற்கு 35 நாட்களுக்கு முன்னர், மார்ச் 30 அன்று, அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் காஸா எல்லையில் அலா அல்-தாலி என்னும் இளைஞர் நின்றிருந்தார். அவர் மிதிவண்டி வீரர். அவ்வாண்டு ஜகார்த்தாவில் நடக்கவிருந்த ஆசிய விளையாட்டில் பாலஸ்தீனத்தின் பெயரால் ஓட்ட வேண்டும் என்பது அவர் கனவு. திரும்பும் உரிமை கோரிய மக்கள் பேரணியைக் காண, பந்தய உடையோடு தம் மிதிவண்டியில் வந்திருந்தார். இஸ்ரேலிய வீரனின் குண்டு அவர் வலக்காலில் பாய்ந்தது. கால் துண்டிக்கப்பட்டது. ஜெரூசலத்தில் பூத்தூவி வரவேற்கப்பட்ட அந்த 9.7 கிலோமீட்டரைத் தொலைக்காட்சியில் நாம் பார்த்தோம். டச்சு வீரர் டுமூலான் வென்றதை மெச்சினோம். அலா அல்-தாலியின் பெயரை எந்த வர்ணனையிலும் நாம் கேட்கவில்லை. ஒற்றைக் காலோடு மிதிக்கப் பழகி, உறுப்பிழந்த தோழர்களைச் சேர்த்து ‘காஸா சன்பேர்ட்ஸ்’ என்ற அணியை அவர் அமைத்ததைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு இது வெட்கம்.

வுவெல்டாவில் எதிர்ப்புக்கு ஆளான ‘இஸ்ரேல்-பிரீமியர் டெக்’ அணி தனியாருடையது, அரசினுடையது அன்று என்று வாதிடுவர். அதன் உரிமையாளரான கோடீசுவரர் சில்வன் ஆடம்ஸ் தம்மை இஸ்ரேலின் தூதர் என்றே அழைத்துக்கொண்டவர். ஜெரூசலத் தொடக்கத்துக்கும் பணம் தந்தவர். 2025 வுவெல்டாவில் அணி விலக மறுத்தபோது பிரதமர் நெதன்யாகு பகிரங்கமாகப் பாராட்டினார். தூதர் என்று வந்தவரிடம் தூதருக்குரிய கேள்வியைத்தான் மக்கள் கேட்டார்கள். மாட்ரிட் நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் கழித்து, ஐக்கிய நாடுகள் மனித உரிமை மன்றத்தின் விசாரணைக் குழு, காஸாவில் இஸ்ரேல் இனப்படுகொலை புரிந்தது என்ற முடிவை வெளியிட்டது. இஸ்ரேல் அதனை மறுத்தது. தெருவில் நின்றவர்கள் கூச்சலிட்ட வெறியர்கள் அல்லர் என்பதற்கு இதனைக் குறிக்கின்றோம்.

யூ.சி.ஐ. என்னும் உலக மிதிவண்டி ஒன்றியமோ ஆர்ப்பாட்டங்களைக் கண்டித்து, விளையாட்டின் நடுநிலைமையை நினைவூட்டிற்று. நல்லது. 2022 மார்ச்சில், உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த சில நாட்களுக்குள், ரஷ்ய, பெலாரஸ் தேசிய அணிகளையும் காஸ்ப்ராம் பெயர் தாங்கிய தொழில்முறை அணியையும் விலக்கியது இதே ஒன்றியந்தான். அம்முடிவை நாம் குறை கூறவில்லை. ஒரு கண்ணுக்குத் தெரிந்த குருதி மறு கண்ணுக்குத் தெரியாமற் போனதைத்தான் கேட்கின்றோம்.

சாலையில் பாய்ந்து வீரர்களை விழச் செய்த சிலருடைய செயலை நாம் ஆதரிக்க மாட்டோம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வருபவன் முன்னால் குதிப்பது எதிர்ப்பன்று, கொலைமுயற்சிக்கு ஒப்பு. வண்டி மிதிக்கும் இளைஞன் ஒருவன் காஸாவுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவனும் அல்லன். ஆனால் பில்பாவோ நகரில் செப்டம்பர் 3 அன்று கூட்டத்தின் காரணமாக முடிவுக்கோட்டுக்கு 3 கிலோமீட்டர் முன்னரே நேரம் கணக்கிடப்பட்டு, வெற்றியாளர் இல்லாமலே அன்றைய ஓட்டம் முடிந்தபோது, ஒரு பிற்பகல் இன்பம் போயிற்றே என்பதற்கு மேல் நமக்கு இழப்பு ஒன்றுமில்லை. 

கண்ணை மூடிக்கொள் என்ற அறிவுரை இந்த விளையாட்டுக்கு முன்பும் தரப்பட்டதுண்டு. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை ஏழு டூர்களை வென்றபோது ஊக்கமருந்தைப் பற்றிக் கேட்ட பத்திரிகையாளர்கள் விளையாட்டின் பகைவர் எனத் தூற்றப்பட்டனர்; வழக்குக்கும் ஆளாயினர். 2012இல் ஏழும் பறிக்கப்பட்டன. விளையாட்டின் மானத்தைக் காத்தவர் எவர் என்பதை அன்பர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இதுவரை எழுதியதைப் படித்து மகிழ்ந்த வாசகர்களுக்கு இனி வருவது மகிழ்ச்சி தராது.

ஜெரூசலத்தில் 2018இல் ஓடிய அணிகளுள் ஐக்கிய அரபு அமீரகத்தின் பெயரைத் தாங்கிய அணியும், பஹ்ரைனின் பெயரைத் தாங்கிய அணியும் இருந்தன. முதல் கிப்லாவின் தெருக்களில் அவை ஒரு சொல்லும் சொல்லாமல் ஓடின. அமீரக அணியின் பொகாச்சார் 2020, 2021, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் டூரை வென்றவர். அவர் மலையேறும் அழகில் நாம் மயங்கியவர்கள்தாம். ஆனால் 2023 ஏப்ரல் முதல் சூடானில் முஸ்லிம்களே முஸ்லிம்களைக் கொன்று குவிக்கும் போரில், ஆர்.எஸ்.எஃப். என்னும் படைக்கு அமீரகம் ஆயுதம் தருகின்றது என்ற குற்றச்சாட்டு ஐ.நா. வரை எழுந்திருக்கின்றது, அமீரகம் மறுத்துவருகின்றது. அந்த வெள்ளைச் சட்டை மலையுச்சியில் கையுயர்த்தும்போது, சாலையோரத்தில் சூடான் கொடியோடு எவரும் நிற்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

கேட்காததன் காரணத்தை மறைப்பானேன்? வளைகுடாவில் உழைத்த கை இல்லாத வீடு நம் தெருக்களில் குறைவு. அந்தப் பணத்தில் பிள்ளைகள் படித்தனர், குமர்கள் கரையேறினர், பள்ளிவாசல்களுக்கு மினாரா எழும்பிற்று. உப்பிட்ட கையைக் கேள்வி கேட்க நாக்கு எழவில்லை. ஆனால் நீதிக்குச் சாட்சி நிற்கும் கடமை, அது நமக்கும் நம் உறவினர்க்கும் எதிராயினும், மறை நமக்கு விதித்தது. ஆடம்ஸின் சட்டையைப் பார்த்துக் கேட்ட கேள்வியை அமீரகத்தின் சட்டையைப் பார்த்துக் கேட்காவிட்டால், யூ.சி.ஐ.யின் ஒற்றைக் கண்ணுக்கும் நம் கண்ணுக்கும் என்ன வேறுபாடு?

பார்க்காமல் விட்டுவிடுவதுதானே என்று நண்பர் கேட்டார். விடமாட்டோம். வியெட்டோவும் ஸாஃபும் மிதித்த சாலையை ஆடம்ஸுக்கோ அமீரகத்துக்கோ எழுதிக்கொடுக்க நாம் ஆயத்தமாக இல்லை. 2026ஆம் ஆண்டுக்கு அந்த அணி இஸ்ரேல் என்ற சொல்லையே துறந்து என்.எஸ்.என். எனப் பெயர் மாற்றிக்கொண்டது. தெருவில் நின்றவர்கள் இல்லாமல் அது நடந்திருக்குமா?

பெயர் மாற்றத்துக்கு முன்னோட்டம் அந்த வுவெல்டாவிலேயே நடந்தது. செப்டம்பர் 6 அன்று அந்த அணி இஸ்ரேல் என்ற சொல்லில்லாத சட்டையோடு வந்தது. அன்று மாலை நம்மோடு அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த நம் மகள், ஏன் அவர்கள் சட்டையில் பெயர் இல்லை என்று கேட்டாள். அலா அல்-தாலியின் காலைப் பற்றி அவளுக்குச் சொன்னோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. திரையில் லா ஃபாரபோனா மலைப்பாதை உயர்ந்துகொண்டே போயிற்று. உச்சியில் வெள்ளைச் சட்டையணிந்த மார்க் சோலர் தனியாக வந்து வென்றார். அது எந்த நாட்டின் அணி வாப்பா என்று கேட்டாள். அமீரகம் என்றோம். பெரியத்தா வேலை பார்த்த ஊரா என்றாள். ஆம் என்றோம். சூடானைப் பற்றி அன்று அவளிடம் சொல்லவில்லை. அடுத்த பந்தயத்துக்கு முன்னர்ச் சொல்ல வேண்டும்.